கைதட்டல் ஓய்ந்த பிறகு

அமெரிக்க ஐக்கிய நாடுகளிலுள்ள சர்வகலாசாலைகள் கல்விக்கு எவ்வளவு பெயர் பெற்றவையோ, பந்தாட்டத்துக்கும் அவ்வளவு பெயர் பெற்றவை. நம் தேசத்தில் ஒரு சர்வகலாசாலையின் பெருமையைச் சொல்ல வேண்டுமானால், அதன் ஆசிரியர்களைப் பற்றியும் நூல் நிலையத்தைப் பற்றியும் சொல்வோம். அங்கேயோ, மிச்சிகன் சர்வகலாசாலை என்றதும், லட்சம் பேருக்கு மேல் உட்கார்ந்து பார்க்கக்கூடிய அதன் பந்தாட்ட மைதானந்தான் அநேகருக்கு முதலில் ஞாபகம் வருகிறது. இலையுதிர் காலத்துச் சனிக்கிழமைகளில் அத்தகைய மைதானங்களில் எழும் ஆரவாரத்தை, வானொலியும் டெலிவிஷனும் தேசமெங்கும் கொண்டு போகின்றன.

இந்த ஆரவாரத்துக்குப் பாத்திரமானவர்களில் சிலர் பிற்காலத்தில் தலை சாய்க்க ஒரு கூரையின்றி, பாலத்தடியிலும் ரயில் நிலையத்திலும் படுத்து உறங்கும்படி நேர்ந்திருக்கிறது. அப்படி நேரும்போது, அவர்களை ஆட வைத்த சர்வகலாசாலைக்கு ஏதேனும் பொறுப்பு உண்டா? 'உண்டு' என்று ஒரு சாராரும், 'இல்லவே இல்லை' என்று மற்றொரு சாராரும் சொல்கிறார்கள். தர்மம் கேட்பது வேறு, கடனைக் கேட்பது வேறு என்பது நம் வீட்டுப் பாட்டிமாருக்கும் தெரிந்த விஷயம். இந்த விவகாரத்தில் கேட்கப்படுவது எது என்று ஆராய்வதே நமது நோக்கம்.

இருவர் கதை

மைக் வெப்ஸ்டர் என்பவரை முதலில் எடுத்துக் கொள்வோம். விஸ்கான்சின் சர்வகலாசாலையில் ஆடிப் பெயரெடுத்த இவர், 1974-ல் பிட்ஸ்பர்க் நகரத்து ஸ்டீலர்ஸ் கோஷ்டியில் சேர்ந்தார். 1990 வரையில் தொழில் முறையில் ஆடினார். அவருடைய கோஷ்டி நான்கு முறை 'சூப்பர் பௌல்' என்னும் மகா பந்தயத்தில் ஜயித்தது. 1997-ல் கான்டன் நகரிலுள்ள கீர்த்தி மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. ஆனால் அந்த வருஷங்களில் அவருடைய மூளை கலங்கிப் போயிருந்தது. பல இரவுகளைத் தமது மோட்டார் வண்டியிலும் ரயில் நிலையத்திலும் கழித்து வந்தார். 2002-ல், 50-வது வயதில் இறந்தார். அவருடைய மூளையைப் பரிசோதித்த நைஜீரிய வைத்தியர் பென்னட் ஒமாலு, தலையில் ஓயாமல் அடிபட்டதனால் உண்டாகும் மூளைச் சிதைவு அதில் இருப்பதைக் கண்டறிந்து, 2005-ல் வைத்தியப் பத்திரிகையில் பிரசுரித்தார். அமெரிக்கப் பந்தாட்ட உலகத்தையே உலுக்கிய செய்தி அது.

மற்றொருவர் ஜாக்கி வாலஸ். அரிஸோனா சர்வகலாசாலையில் ஆடியவர். பின்னர் தொழில் முறைக் கோஷ்டிகளில் சேர்ந்து, சூப்பர் பௌல் வரையில் போனவர். 1990-ல் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில், ஒரு பெரிய பாலத்தின் கீழே அவர் படுத்துக் கிடப்பதை டெட் ஜாக்ஸன் என்னும் பத்திரிகைப் புகைப்படக்காரர் கண்டார். படமும் செய்தியும் வெளியாகவே, பழைய நண்பர்கள் ஓடி வந்து கை கொடுத்தார்கள். போதைப் பழக்கத்திலிருந்து மீண்டு அநேக வருஷங்கள் நல்வாழ்வு வாழ்ந்தார். பிறகு மறுபடியும் வழுக்கி விழுந்து, கண்ணுக்கு மறைந்து போனார். பல வருஷங்களுக்குப் பின் ஜாக்ஸன் மீண்டும் அவரைத் தேடிப் போய், அந்தக் கதையை 2018-ல் எழுதினார்.

இந்த இருவர் விஷயத்திலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வாலஸைக் கண்டு பிடித்தது ஒரு பத்திரிகைக்காரருடைய காமிரா. வெப்ஸ்டரைத் தாங்கிப் பிடித்தவர்கள் அவருடைய குடும்பத்தாரும் சில அபிமானிகளுமே. கீர்த்தி பெற்றவர்களுடைய கதி இது. பெயர் தெரியாமல் ஆடி, பெயர் தெரியாமல் ஒழிந்து போனவர்களை யார் தேடுவார்கள்? 2024 ஜனவரியில் அமெரிக்க அரசாங்கம் எடுத்த கணக்கின்படி, அந்நாட்டில் வீடற்றவர்கள் 7,71,480 பேர். அவர்களில் சேனையில் சேவை செய்தவர்கள் எத்தனை பேர் என்று தனியாக எண்ணுகிறார்கள். சர்வகலாசாலைக்காகப் பந்து ஆடியவர்கள் எத்தனை பேர் என்று அந்தக் கணக்கு சொல்வதில்லை.

ஒரு சொல் பிறந்த கதை

சர்வகலாசாலைகளின் கட்சி இதுதான்: "இவர்கள் எங்கள் சிப்பந்திகள் அல்லர், எங்கள் மாணவர்கள். படிக்க வந்தார்கள், ஓய்வு நேரத்தில் ஆடினார்கள். அதற்கு மேல் எங்களுக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை."

இந்தக் கட்சிக்கு ஆதாரமாக நிற்பது 'மாணவ ஆட்டக்காரர்' என்னும் சொல். இந்தச் சொல் எப்படிப் பிறந்தது என்பதை அறிந்தால் நேயர்கள் வியப்படைவார்கள். 1955-ல் ரே டென்னிஸன் என்னும் இளைஞர், கொலராடோ மாகாணத்தில் போர்ட் லூயிஸ் கலாசாலைக்காக ஆடும்போது தலையில் அடிபட்டு மாண்டார். தொழிலாளிக்கு விபத்து நேர்ந்தால் குடும்பத்துக்குக் கிடைக்கும் நஷ்ட ஈடு தமக்கும் வேண்டுமென்று அவருடைய விதவை மனுச் செய்து கொண்டார். 1957-ல் அம் மாகாணத்து உயர் நியாயஸ்தலம் அதை மறுத்து விட்டது. கலாசாலை விளையாட்டுகளை ஆண்டு வந்த தேசியச் சங்கத்தின் தலைமை நிர்வாகியாக 1951 முதல் 1987 வரையில் இருந்தவர் வால்ட்டர் பையர்ஸ். ஆட்டக்காரர்களை நியாயஸ்தலங்கள் சிப்பந்திகள் என்று தீர்த்து விடுமோ என்ற பயத்தினாலேயே 'மாணவ ஆட்டக்காரர்' என்ற சொல்லைச் சிருஷ்டித்துப் பரப்பினோம் என்று, 1995-ல் வெளியிட்ட தமது நூலில் அவரே ஒப்புக் கொண்டார். மாணவரைக் கௌரவிக்க உண்டான சொல் அன்று இது. நஷ்ட ஈட்டைத் தவிர்க்க உண்டான சொல்.

அந்தச் சொல் எவ்வளவு பலமாக வேலை செய்தது என்பதற்குக் கென்ட் வால்ட்ரெப் என்பவருடைய வாழ்க்கையே சாட்சி. டெக்ஸாஸ் கிறிஸ்தவ சர்வகலாசாலைக்காக 1974-ல் அலபாமா கோஷ்டியை எதிர்த்து ஆடிய போது அவருக்குக் கழுத்தெலும்பு முறிந்தது. அங்கங்கள் அசைவற்றுப் போயின. நஷ்ட ஈட்டுக்காக அவர் வெகு காலம் வழக்காடினார். 1993-ல் மாகாணக் கமிஷன் அவருக்குச் சாதகமாகத் தீர்த்தது. இன்ஷூரன்ஸ் கம்பெனி விடவில்லை. கடைசியில் 2000-ம் வருஷத்தில், அவர் சிப்பந்தி அல்லர் என்று நியாயஸ்தலம் முடிவு கட்டியது. அடிபட்ட நாளிலிருந்து இருபத்தாறு வருஷம்!

கூலி கிடைத்ததா?

"நாங்கள் சும்மா ஆட வைக்கவில்லை, உபகாரச் சம்பளம் கொடுத்தோம், இலவசமாகக் கல்வி அளித்தோம், அதுவே கூலி" என்பது அடுத்த வாதம். நியாயமான வாதந்தான். கல்வியைப் போன்ற அழியாச் செல்வம் வேறில்லை என்பதில் தமிழர்களுக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால், அந்தக் கல்வி உண்மையாகவே அளிக்கப்பட்டதா என்று பார்க்க வேண்டும் அல்லவா?

கெவின் ராஸ் என்னும் கூடைப்பந்து ஆட்டக்காரர் 1978 முதல் 1982 வரையில் நெப்ராஸ்கா மாகாணத்துக் க்ரைட்டன் சர்வகலாசாலையில் இருந்தார். நான்கு வருஷமும் ஆடி முடித்து வெளியே வரும் போது அவருடைய வாசிப்புத் திறன் ஏழாம் வகுப்புப் பையனுடையதாகவும், மொழித் திறன் நான்காம் வகுப்புப் பையனுடையதாகவும் இருந்தன. பட்டமும் கிடைக்கவில்லை. பிறகு சிகாகோ நகரத்தில் சிறு குழந்தைகள் படிக்கும் ஒரு பள்ளிக்கூடத்தில் அவர்களோடு உட்கார்ந்து எழுதப் படிக்கக் கற்றார். அவர் தொடுத்த வழக்கில் 1992-ல் அப்பீல் நியாயஸ்தலம் ஒரு முக்கியமான வார்த்தை சொன்னது. கல்வி தரமாக இல்லை என்று பொதுவாக வழக்காட முடியாது. ஆனால் உதவி ஆசிரியர் வைத்துச் சொல்லிக் கொடுப்பதாகக் குறிப்பாக வாக்களித்து, அதை நிறைவேற்றாமல் விட்டிருந்தால், அது ஒப்பந்தத்தை மீறியதாகும் என்பதே அது.

வட கரோலினா சர்வகலாசாலையின் கதை இதைவிடப் பெரியது. 1993 முதல் 2011 வரையில் அங்கே சில வகுப்புகள் பெயரளவில் மட்டும் நடந்தன. ஆசிரியரும் இல்லை, பாடமும் இல்லை. ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தால் உயர்ந்த மார்க்கு! 2014-ல் வெளியான விசாரணை அறிக்கையின்படி, 3,100 மாணவர்களுக்கு மேல் இந்த வகுப்புகளில் பெயர் கொடுத்திருந்தார்கள். ஏறக்குறையப் பாதிப் பேர் ஆட்டக்காரர்கள். அவர்களில் சிலர் தங்களுக்குக் கல்வி கிடைக்கவில்லை என்று வழக்குத் தொடுத்தபோது, கல்வியின் தரத்துக்குத் தனக்குச் சட்டப்படி பொறுப்பில்லை என்று தேசியச் சங்கம் பதில் சொல்லிற்று. சம்பளம் கேட்டால், 'நீ மாணவன்' என்கிறார்கள். கல்வி கேட்டால், 'அதற்கு நாங்கள் ஜவாப்தாரி அல்ல' என்கிறார்கள். இப்படி இரண்டு கதவையும் சாத்தி விட்டால், நடுவில் நிற்பவன் எங்கே போவான்?

உபகாரச் சம்பளமும் உறுதியானதாக இருக்கவில்லை. 1973-ல் செய்த ஒரு விதியினால், நான்கு வருஷத்துக்கு அளிக்கப்பட்டு வந்த உதவி வருஷத்துக்கு வருஷம் புதுப்பிக்கப்பட வேண்டியதாயிற்று. பல வருஷங்களுக்குச் சேர்த்து அளிக்க 2012-ல்தான் மறுபடி அனுமதி கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில், பயிற்சியாளருடைய தயவு இருக்கும் வரையில்தான் பையனுக்குப் படிப்பு.

எதிர்க்கட்சியின் நியாயங்கள்

எதிர்க்கட்சியார் சொல்லும் ஆட்சேபங்களையும் அலட்சியம் செய்யலாகாது. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது: "தொழில் முறைக் கோஷ்டிகளில் சேர்ந்து பணம் சம்பாதித்தவர்களை அந்தக் கோஷ்டிகளே காப்பாற்றட்டும்." வெப்ஸ்டர் விஷயத்தில் இது பெரும்பாலும் சரியே. சர்வகலாசாலையில் சில வருஷம் ஆடினார். தொழில் முறையில் பதினேழு பருவம் ஆடினார். ஆகவே பெரும் பங்குப் பொறுப்பு தொழில் முறைச் சங்கத்தையே சேரும். அவருடைய வாரிசுகள் சங்கத்தின் பென்ஷன் நிதியின் மேல் தொடுத்த வழக்கில் 2006-ல் அப்பீல் கோர்ட்டிலும் ஜயித்தார்கள். ஆனால் கலாசாலைப் பந்தாட்டக்காரர்களில் தொழில் முறைக்குப் போகிறவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. மற்ற தொண்ணூற்றெட்டுப் பேருக்கு அடி கொடுத்ததும் கலாசாலை மைதானந்தான். கடைசி மைதானமும் அதுதான்.

இரண்டாவது: "குடித்தும் போதைக்கு அடிமையாகியும் கெட்டுப் போனவர்களுக்கு நாங்கள் என்ன செய்வது?" தம் செயலுக்குத் தாமே பொறுப்பு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால், கடன் கொடுத்தவன் பிற்பாடு குடிகாரனாகப் போய்விட்டான் என்பதற்காகக் கடன் பத்திரம் கிழிந்து விடுமா? மேலும், மூளையில் உண்டான சேதம் குணத்தையே மாற்றிவிடக்கூடும் என்பதை இன்றைய வைத்திய சாஸ்திரம் அறிந்திருக்கிறது. எது குற்றம், எது வியாதி என்று வீதியில் கிடப்பவனைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட யாராலும் முடியாது.

மூன்றாவது: "ரசாயனம் படித்தவனும் வீடில்லாமல் தவிக்கிறான். ஆட்டக்காரனுக்கு மட்டும் ஏன் தனிச் சலுகை?" இதுதான் ஆட்சேபங்களில் பலமானது. வீடில்லாத ஒவ்வொருவரும் இரக்கத்துக்கு உரியவரே. அவர்களுக்கு வீடு அமைத்துக் கொடுப்பது நகரசபையின் கடமை, அரசாங்கத்தின் கடமை. ஆனால், ரசாயன மாணவனுடைய பரிசோதனையைக் காண டிக்கெட்டு விற்கவில்லை. அவனுடைய உடம்பை வருத்திப் பணம் திரட்டவில்லை. கூடைப்பந்துப் போட்டியைப் படம் பிடித்துக் காட்டும் உரிமைக்காக, 2025 முதல் 2032 வரையிலான எட்டு வருஷங்களுக்கு 880 கோடி டாலர் தருவதாக 2016-ல் டெலிவிஷன் கம்பெனிகள் ஒப்பந்தம் செய்தன. 2014-ல் சாம்பியன் பட்டம் பெற்ற கனெக்டிகட் சர்வகலாசாலையின் ஆட்டக்காரர் ஷபாஸ் நேப்பியர், தாம் சில இரவுகளில் பட்டினியோடு படுக்கப் போனதுண்டு என்று சொன்ன பிறகுதான், ஆட்டக்காரர்களுக்கு வயிறார ஆகாரம் போடலாம் என்று விதி திருத்தப்பட்டது.

நான்காவது: "எங்களிடம் பணம் இல்லை." உண்மையில், பெரும்பாலான கலாசாலைகளில் விளையாட்டு இலாகாவின் வரவைக் காட்டிலும் செலவே அதிகம். சிறிய கலாசாலைகளைப் பொறுத்த வரையில் இந்த வாதத்தை ஒப்புக் கொள்கிறோம். லாபம் பெறாதவன் மேல் பெருங்கடன் சுமத்துவது நியாயமாகாது. ஆனால் பெரிய சர்வகலாசாலைகளின் வாயில் இந்த வார்த்தை பொருந்தவில்லை. 2023-ல் டெக்ஸாஸ் ஏ அண்டு எம் சர்வகலாசாலை தன் பந்தாட்டப் பயிற்சியாளரை வேலையிலிருந்து நீக்கியது. ஒப்பந்தப்படி அவருக்கு அது கொடுக்க வேண்டியிருந்த தொகை ஏழரைக் கோடி டாலருக்கு மேல். வேலை செய்யாமல் இருப்பதற்காக ஒருவருக்கு இவ்வளவு கொடுக்க முடிந்தால், வேலை செய்து முடமானவருக்குக் கொடுக்க ஒன்றுமில்லை என்று சொல்வதை யார் நம்புவார்கள்?

புது விதிகளும் பழைய மனிதர்களும்

சமீப காலத்தில் நிலைமை பெரிதும் மாறி வருகிறது என்பதைச் சொல்லாமல் விடுவது தவறு. 2021-ல் சுப்ரீம் கோர்ட் ஒன்பது நீதிபதிகளும் ஒரே அபிப்பிராயமாக, தேசியச் சங்கத்தின் சில கட்டுப்பாடுகள் போட்டிச் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தார்கள். அதே வருஷம் ஜூலை முதல், ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் விளம்பரங்களுக்குக் கொடுத்துப் பணம் பெற அனுமதி வந்தது. 2024 ஆகஸ்டு முதல், முதல் வகுப்புக் கலாசாலைகள் ஆட்டத்தில் பட்ட காயங்களுக்கு, ஆட்டத்தை விட்ட பிறகும் குறைந்தது இரண்டு வருஷம் வைத்தியச் செலவுக்கு வழி செய்ய வேண்டும் என்றும், முழு உபகாரச் சம்பளம் பெற்றவர்கள் பத்து வருஷத்துக்குள் திரும்பி வந்தால் பட்டப் படிப்பை முடிக்க உதவ வேண்டும் என்றும் விதி ஏற்பட்டது. 2025 ஜூன் மாதத்தில் நியாயஸ்தலம் அங்கீகரித்த ஒரு சமரசத்தின்படி, முன்னாள் ஆட்டக்காரர்களுக்குப் பத்து வருஷங்களில் சுமார் 280 கோடி டாலர் அளிக்கப்பட வேண்டும். அது தவிர, ஒவ்வொரு சர்வகலாசாலையும் முதல் வருஷத்தில் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரையில் தன் ஆட்டக்காரர்களுக்கு நேராகவே பங்கு கொடுக்கலாம்.

நல்ல ஏற்பாடுகளே. ஆனால் யாருக்கு? அந்த 280 கோடியும் 2016-லும் அதற்குப் பின்னும் ஆடியவர்களுக்கே. 1970-களிலும் 1980-களிலும் 1990-களிலும் ஆடி, இன்று முதுமையின் வாசலில் நிற்பவர்களுக்கு அதில் ஒரு காசும் இல்லை. உடம்பு தளர்ந்து, நினைவு தப்பி, பாலத்தடிக்குப் போகும் வயது அவர்களுடையது. மூளைச் சிதைவோ, அடிபட்டுப் பல வருஷங்கள், சில சமயம் பல பத்து வருஷங்கள், கழித்துத்தான் தலை காட்டுகிறது. இறந்த பிறகு பரிசோதித்தால்தான் அதை நிச்சயமாக அறிய முடிகிறது. அத்தகைய வியாதிக்கு இரண்டு வருஷக் கெடு வைப்பது, மரம் நட்டவனை மறுநாளே வந்து பழம் பறித்துக் கொள்ளச் சொல்வது போன்றது.

செய்யக் கூடியது என்ன?

வீடற்றவர்களுக்கு உதவி செய்வது வீண் வேலை என்று அவநம்பிக்கை கொள்பவர்களுக்கு ஓர் உதாரணம் காட்டுகிறோம். அமெரிக்காவில் சேனையில் சேவை செய்து பின்னர் வீடற்றுப் போனவர்கள் 2010-ல் சுமார் 74,000 பேர் இருந்தார்கள். அரசாங்கம் அவர்களுடைய பொறுப்பைத் தன்னுடையதாக ஏற்று, வாடகை உதவியும் வைத்திய உதவியும் சேர்த்து அளித்தது. 2024-ல் அந்தத் தொகை 32,882 ஆகக் குறைந்தது. அதே காலத்தில் நாட்டில் வீடற்றவர்களின் மொத்தத் தொகை பெருகியது. போர்வீரனும் பந்தாட்டக்காரனும் ஒன்றென்று நாம் சொல்ல வரவில்லை. 'இவர்கள் எங்களைச் சேர்ந்தவர்கள்' என்று ஒருவர் முன்வந்து சொன்னால் காரியம் நடக்கிறது என்பதே நாம் சொல்வது.

அப்படியானால் சர்வகலாசாலைகள் செய்ய வேண்டியது என்ன? பழைய மாணவர் அனைவருக்கும் வீடு கட்டிக் கொடுக்கும்படி யாரும் கேட்கவில்லை. மூன்று காரியங்கள் போதும். ஆட்டத்தினால் உண்டான காயம் என்று வைத்தியர் கூறுவதற்கு, வருஷக் கெடு வைக்காமல் சிகிச்சைக்கு வழி செய்ய வேண்டும். முடியாமல் விட்ட படிப்பை முடிக்க வருகிறவனுக்கு, எந்த வயதிலும் கதவு திறந்திருக்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் மேலாக, தேடிப் போக வேண்டும். அமெரிக்கச் சர்வகலாசாலைகள் பழைய மாணவர்களிடம் நன்கொடை கேட்பதற்கென்று தனிக் காரியாலயம் வைத்து, விலாசங்களை விடாமல் திரட்டி வைக்கின்றன. அந்தக் காரியாலயத்தில் ஒரு மேஜையையும் ஒரு மனிதரையும், விலாசம் இல்லாமற் போனவர்களைக் கண்டு பிடிப்பதற்கென்று ஒதுக்கினால் என்ன? ஆட்டக்காரர்களுக்குப் பங்கு கொடுக்கும் பணத்தில் நூற்றுக்கு ஒரு பங்கை எடுத்து வைத்தாலும் பெரிய சர்வகலாசாலைகளில் இதற்கு நிதி சேர்ந்து விடும். வாலஸ் ஒரு முறை மீண்டு மறுபடி விழுந்ததை நினைத்துப் பார்த்தால், இந்த உதவி ஒரு நாள் உதவியாக இல்லாமல், நீடித்த உதவியாக இருக்க வேண்டும் என்பதும் விளங்கும்.

நம் தேசத்துக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. இங்கே கலாசாலை விளையாட்டில் கோடிகள் புரளவில்லை. விளையாட்டு வீரர்களின் நலனுக்காக இந்திய அரசாங்கம் 1982-ல் ஒரு தேசிய நிதியை ஏற்படுத்தியது. சர்வதேசப் போட்டிகளில் பதக்கம் பெற்றவர்களுக்குப் பென்ஷனும் அளிக்கிறது. ஆயினும் விளையாட்டுத் திறமைக்கென்று இடம் ஒதுக்கி நம் கலாசாலைகளும் பிள்ளைகளைச் சேர்த்துக் கொள்கின்றன. அப்படிச் சேர்த்த பிள்ளை கேடயத்தோடு திரும்பும்போது மாலை போடுகிறவர்கள், அவன் முழங்கால் முறிந்து வகுப்புக்கு வர முடியாமற் போகும்போதும் அவன் பெயரை ஞாபகம் வைத்திருக்க வேண்டும்.

ஆகவே, வீடற்றுப் போன ஆட்டக்காரர் கேட்பது தர்மமா, கடனா என்ற கேள்விக்கு நமது பதில் இதுதான்: கூரையைப் பொறுத்தவரை அது ஊராரும் அரசாங்கமும் எல்லா மனிதருக்கும் செய்ய வேண்டிய தர்மம். உடைந்த உடம்பையும் கொடுக்காமல் விட்ட கல்வியையும் பொறுத்தவரை அது சர்வகலாசாலை தீர்க்க வேண்டிய கடன். தர்மம் செய்கிறவன் வாசலில் வந்து கேட்கட்டும் என்று காத்திருக்கலாம். கடன்பட்டவன் அப்படிக் காத்திருக்கலாகாது. தானே எடுத்துக் கொண்டு போய்க் கொடுக்க வேண்டும்.